புகை வளையாத அறை

அவரை எல்லோரும் பசைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். தொழில் கண்ணாடி பொருத்துவது. கண்ணாடியைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம், ஓரத்தை அடைப்பதில்தான் வேலை இருக்கிறது என்பது அவர் கட்சி. பேர்தான் பசை, சட்டைப்பையில் ஈரம்கூடக் கிடையாது என்று அவருடைய மச்சினன் கிண்டல் செய்வான். மனைவியின் தம்பி, கண்ணாடியின் மறுமுனையைப் பிடிப்பவனும் அவனே. அவன் கை நடுங்காது, வாய்தான் நிற்காது.

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் ஜன்னல் மாட்டுகிறவராக ஆரம்பித்தவர். அப்புறம் கடைகளின் முகப்பு, வங்கிக் கவுன்ட்டர், ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பறையில் ஆள் உயர மீன் தொட்டி. அந்தத் தொட்டி இன்றுவரை ஒரு சொட்டு கசியவில்லை என்பதை, கேட்காதவர்களிடமும் சொல்வார். யார் வீட்டுக்குப் போனாலும் நேராக ஜன்னலுக்குப் போய், புறங்கையை நாக்கால் நனைத்து, சட்டத்தின் ஓரமாக நகர்த்திப் பார்ப்பது வழக்கம். ஈரத்தில் குளிர்ச்சி தட்டினால் அங்கே காற்று புகுகிறது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் அதையே செய்து மனைவியிடம் கிள்ளு வாங்கியிருக்கிறார்.

இத்தனை வருஷம் பசையின் புளித்த நெடியைச் சுவாசித்ததில் அவருக்கு மூக்கு போய்விட்டிருந்தது. பால் தீய்ந்தாலும் தெரியாது, எரிவாயு கசிந்தாலும் தெரியாது. அது மனைவிக்குத் தெரியும், மச்சினனுக்குத் தெரியும். வேலை செய்யும் இடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. மூக்கில்லாதவன் என்று ஒரு பட்டப்பெயர் கூடுதலாக எதற்கு என்று விட்டுவிட்டார்.

பயிர் ஆராய்ச்சி நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை அவருக்கு வந்தபோது ஐம்பது தாண்டி நாளாகியிருந்தது. முழங்கால் ஏணியைப் பார்த்தாலே முனகும். இதுதான் கடைசிப் பெரிய வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

அங்கே செடி வளர்க்க இருந்த பழைய கண்ணாடிக் கூடம் பார்க்கச் சகிக்காது. விரிசல்களைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே குளிரூட்டிய காற்றெல்லாம் வெளியே போய்த் தெருவைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. புதுக் கட்டடத்துக்கு வேறு கணக்கு. இடித்த செங்கல் நடைபாதைக்கு. பழைய கண்ணாடியைக் கழுவி உள்தடுப்புகளுக்கு. கூரையில் விழும் மழை தொட்டிக்கு, தொட்டித் தண்ணீர் செடிக்கு. கூரைமேல் பதித்த சூரியத் தகடுகள் தரும் மின்சாரம் மட்டுமே எல்லாவற்றுக்கும் போதவேண்டும். அது போதவேண்டுமானால் செடி வளர்க்கும் அறைகளில் ஓட்டை இருக்கக் கூடாது. அறைகளெல்லாம் கண்ணாடி. ஆக, கட்டடத்தின் மானம் பசைக்காரரின் கட்டைவிரலில் இருந்தது. வேலையை மேற்பார்வையிட்ட இன்ஜினியர் இதைச் சொன்ன அன்று, பசைக்காரர் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை மனைவியிடம் திருப்பிச் சொன்னார்.

கட்டட வேலை நடந்த மாதங்களில் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தவர் ஒரு விஞ்ஞானி அம்மாள். நரைத்த தலை, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே பாக்கி. கழுத்தில் சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் குளிர்பதன அறையின் சாவி தொங்கும். வேலையாட்கள் அவருக்கு விதையம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். உப்புப் பூத்த நிலத்தில் காய்க்கும் கடுகு ஒன்றை, வருஷக்கணக்காகப் பொறுக்கிப் பொறுக்கி, கலந்து கலந்து, அவர் உண்டாக்கி வைத்திருந்தார். உப்பேறிப்போய்த் தரிசாகக் கிடக்கும் வயல்களுக்கு அது போகவேண்டும். இன்னும் போகவில்லை. இருந்ததெல்லாம் ஒரு புட்டியில் அடங்கும் விதை.

விதை தூங்குகிறது என்று நினைத்திருந்த பசைக்காரரிடம், அது வயதாகிக்கொண்டிருக்கிறது என்று ஒருநாள் அவர் சொன்னார். சில வருஷத்துக்கு ஒருமுறை விதைத்து, புது விதை எடுத்து வைக்கவேண்டும். எப்போதும் பாதியை விதைத்துப் பாதியைக் கையில் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். இந்த முறை அது சிக்கலாகிவிட்டது. கட்டட வேலைக்காக மின்சாரத்தை வெட்டி வெட்டி விட்டதில் குளிர்பதன அறை பலமுறை சூடாகியிருந்தது. எடுத்துப் பார்த்த விதைகளில் முளைப்பது குறைந்துகொண்டே வந்தது. பழைய கூடத்திலேயே விதைத்துவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். அந்தக் கண்ணாடி புதுக் கட்டடத்துக்கு வேண்டும், கூடத்தை இடித்தாக வேண்டும் என்றார்கள்.

அதனால்தான் அவர் பசைக்காரரிடம் வந்து நின்றார்.

"உங்க ரூம் எப்ப முடியும்? பாதியை எடுத்து வைக்கலாமான்னு பார்க்கறேன். வெச்சாலும் அடுத்த தடவைக்கு அது முளைக்குமான்னு சந்தேகமா இருக்கு."

"எடுத்து வெச்சு வீணாப் போறதுக்கு, எல்லாத்தையும் என் ரூம்ல போடுங்கம்மா. நம்பிப் போடுங்க. உள்ளே ஊதின காத்து வெளியே போகாது."

ஒரு கண்ணாடிக்காரர் சொன்னதற்காக யாரும் விதையைக் கொட்டிவிட மாட்டார்கள். விதையம்மா தன் கணக்குகளைப் போட்டுத்தான், இருந்த விதை எல்லாவற்றையும் புது அறையில் விதைப்பது என்று முடிவெடுத்தார். ஆனாலும் அந்தச் சொல் பசைக்காரருடையது. பின்னால் அதை அவரால் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.

கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே அழுத்தி விடும் மெத்தென்ற பட்டைக்குக் கட்டடக்காரர்கள் பீடிங் என்பார்கள். வழக்கமான கறுப்பு ரப்பர் பீடிங்கை இன்ஜினியர் வேண்டாம் என்றார். இந்தக் கட்டடத்தில் முடிந்தவரை எல்லாமே பழையதை உருக்கிச் செய்ததாக இருக்கவேண்டும். பசைக்காரர் ஊரெல்லாம் தேடி, பழைய தண்ணீர்க் குழாயையும் மழைக்கோட்டையும் உருக்கி இழுத்த ஒரு சாம்பல் நிறப் பீடிங்கைக் கொண்டுவந்தார். வெண்ணெய் மாதிரி வளைந்தது. மூலையில் மடிப்பு விழவில்லை. இவ்வளவு நல்ல சரக்கைத் தன் ஆயுளில் தொட்டதில்லை என்று சொல்லிச் சொல்லித் தடவிப் பார்த்தார்.

இன்ஜினியர் ஒரு துண்டை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். "அண்ணே, நெடி கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

பசைக்காரரும் ஒரு துண்டை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். இழுத்து முகர்ந்தார். ஒன்றுமே வரவில்லை. மச்சினன் வேறு பக்கம் பார்த்தான்.

"புதுசுன்னா அப்படித்தான் சார். பத்து நாள்ல போயிடும்."

அவ்வளவுதான் நடந்தது. முடிவாகிவிட்டது.

சோதனை நாளன்று பெரிய அதிகாரிகளெல்லாம் வந்தார்கள். வளர்ப்பறையின் வாசலில் ஒரு விசிறியைப் பொருத்தி உள்காற்றை வெளியே உறிஞ்சினார்கள். ஓட்டை இருந்தால் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே பாயும். உள்ளே நின்ற ஒருவர் புகை விடும் குச்சியைக் கண்ணாடி ஓரங்களில் நகர்த்திக்கொண்டே போனார். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை வளையும். வளையவில்லை. மேல் மூலை, கீழ் மூலை, கதவின் அடி, எங்கும் புகை நேராக, நூல் பிடித்தமாதிரி எழுந்தது. விசிறியில் ஏதோ கோளாறு என்று மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் வளையவில்லை. யாரோ கை தட்டினார்கள். ஓரமாக நின்ற பசைக்காரரைத் தோளைப் பிடித்து முன்னால் இழுத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் மச்சினனின் முழங்கை மட்டும் விழுந்திருந்தது. அதைக் காட்டிக் காட்டி அவன் ஒரு வாரம் நியாயம் கேட்டான்.

மிச்சம் கிடந்த பீடிங்கைப் பசைக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சமையலறை ஜன்னல் வழியாகத் தெருப்புழுதியும் லாரிச் சத்தமும் வருகிறது என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி, சாம்பல் பீடிங் போட்டு, திருப்பி மாட்டினார். சத்தம் கத்தரித்தமாதிரி நின்றது.

"புது மழைக்கோட்டுக்குள்ள தலையை விட்டமாதிரி இருக்கு. ஆனா பரவாயில்ல, பக்கத்து வீட்டுக்காரி போன்ல பேசறது கேக்கல" என்றாள் மனைவி.

அந்த ஜன்னல் விளிம்பில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் கீரைக்காக முள்ளங்கி போட்டிருந்தாள் அவள். கொஞ்ச நாளில் அதன் புது இலைகள் வெளுத்து வர ஆரம்பித்தன. பழைய இலை பச்சை, நடுவில் கிளம்புவது காகித வெள்ளை. அவள் டப்பாவைத் தூக்கிவந்து காட்டினாள்.

"ஏங்க, இதப் பாருங்க. என்னமோ நரைச்சுப்போய் வருது."

"உன்னப் பாத்து வளருது, பின்ன எப்படி வரும்" என்றார் அவர். அவள் டப்பாவால் அவர் தோளில் இடித்தாள். இருவரும் சிரித்தார்கள். மறுநாள் முள்ளங்கி குப்பைக்குப் போனது.

வளர்ப்பறையின் கதவு ஒன்று தரையை லேசாக உரசுகிறது என்று பசைக்காரருக்கு அழைப்பு வந்தது. சின்ன வேலை. கீலைத் தளர்த்தி ஒரு தகடு வைத்தால் முடிந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து திருகைச் சுழற்றிக்கொண்டே உள்ளே பார்த்தார். வரிசை வரிசையாகத் தட்டுகள். எல்லாவற்றிலும் கடுகு. எல்லாச் செடியிலும் அடி இலை பச்சை, நடுவில் கிளம்புவது காகித வெள்ளை.

திருப்புளி கையிலேயே நின்றது.

அறைக்கு வெளியே விதையம்மாவும் இன்னும் இரண்டு விஞ்ஞானிகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். இரும்புச்சத்துக் குறைவு என்றார் ஒருவர். விளக்கு வெளிச்சம் அதிகம் என்றார் மற்றவர். மழைத் தொட்டித் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று குழாய்த் தண்ணீருக்கு மாற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு, செடி என்ன சொல்கிறது என்று சில நாள் காத்திருக்கவேண்டும். விதையம்மாவின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. கழுத்துச் சாவியை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

பசைக்காரர் கதவை மாட்டிவிட்டு வந்துவிட்டார்.

பொய் சொல்ல அவர் நினைக்கவே இல்லை. அதுதான் இதில் பெரிய வேதனை. நிச்சயமாகத் தெரியாமல் எப்படிப் போய்ச் சொல்வது என்றுதான் நினைத்தார். ஒரு டப்பா முள்ளங்கியை வைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய கட்டடத்தின் பீடிங்கை எல்லாம் பிடுங்குங்கள் என்று சொல்ல முடியுமா? மனைவி போட்ட மண் சரியில்லாமல் இருந்திருக்கலாம். தண்ணீர் அதிகமாக ஊற்றியிருக்கலாம். வீட்டுக்குப் போகிற வழியில் முள்ளங்கி விதை வாங்கினார். இரண்டு டப்பாவில் ஒரே மண்ணைப் போட்டு, ஒன்றைச் சமையலறை ஜன்னலிலும் இன்னொன்றை வெளியே மாடிப்படியிலும் வைத்தார்.

மனைவிக்கு ஆச்சரியம். ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்றியறியாத மனிதர், காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் டப்பாக்களிடம் போய் நிற்கிறார். மூன்றாவது நாள் இரண்டும் முளைத்தன. இரண்டும் பச்சை. அன்றைக்கு அவர் மச்சினனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவன் சொன்ன மொக்கை ஜோக்குக்குச் சத்தமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் வெயில் ஏறியது. ஜன்னல் சட்டம் தொட்டால் சுட்டது. மாடிப்படி முள்ளங்கியில் மூன்றாவது இலை பச்சையாக விரிந்தது. ஜன்னல் முள்ளங்கியில் அது வெள்ளையாக வந்தது.

மச்சினன் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"மாமா, நீங்க முகர்ந்து பாத்த மாதிரி காட்டிக்கிட்டது யாருக்கும் தெரிய வேண்டாம். கடுகு அதுவா காஞ்சு போச்சுன்னு இருந்துரும். நாம எதுக்கு வாயக் குடுக்கணும்?"

"இன்னும் சிலது உயிரோட இருக்கும்டா மாப்ள. வெளிய எடுத்தா பொழைக்கலாம்."

டப்பாக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

வளர்ப்பறையில் தட்டுகள் பாதி காலியாக இருந்தன. வெளுத்த இலையால் செடிக்கு உணவு செய்துகொள்ள முடியாது. பச்சை அடி இலைகள் தாங்கும்வரை தாங்கியிருக்கிறது, பிறகு சாய்ந்திருக்கிறது. சாய்ந்ததை எல்லாம் விதையம்மா காகிதத்தில் படுக்க வைத்திருந்தார். பசைக்காரர் இரண்டு டப்பாவையும் மேசைமேல் வைத்தார். சொல்லவேண்டியதைத் தப்பும் தவறுமாகச் சொன்னார். பீடிங், ஜன்னல், வெயில். தனக்கு மூக்கு கிடையாது என்பதையும் சொன்னார்.

அதற்கு மேல் விளக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த அம்மாளுக்குப் புரிந்த வேகம் அவரைத் திடுக்கிட வைத்தது. உருக்கிய பிளாஸ்டிக்கில் மெத்தென்று இருப்பதற்காகச் சேர்க்கும் பொருள் வெயிலில் ஆவியாகும். கடுகு, முள்ளங்கி வகையறாவுக்கு அது விஷம். ஓட்டை உடைசலான பழைய கூடமாக இருந்திருந்தால் காற்றோடு போயிருக்கும். இதைச் சொல்லிக்கொண்டே அவர் தட்டுகளைத் தூக்க ஆரம்பித்திருந்தார். உதவியாளர்கள் ஓடிவந்தார்கள். பசைக்காரரும் தூக்கினார். உயிரோடு இருந்தவற்றை எல்லாம் வெளியே மரநிழலில் கொண்டுபோய் வைத்தார்கள்.

கடைசித் தட்டை இறக்கி வைத்த பிறகுதான் விதையம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

இன்று காலையில்தான் என்று சொல்லியிருக்கலாம். அது முழுப் பொய்யும் இல்லை.

"கதவு சரி பண்ண வந்தேனே, அன்னிக்கே சந்தேகம் வந்துச்சும்மா. நிச்சயம் பண்ணிக்கிட்டுச் சொல்லலாம்னு..."

"அன்னிக்கு எல்லாச் செடியும் நின்னுட்டிருந்துச்சு" என்றார் அவர்.

பசைக்காரர் திட்டுக்காகக் காத்திருந்தார். ஓங்கி ஒன்று வைத்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். அந்த அம்மாள் மேசைமேல் இருந்த பச்சை முள்ளங்கி டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டையும் அதே பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அது அவர் பொருத்திய கதவு. சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி உட்கார்ந்துவிட்டாள். நான் காட்டின அன்னைக்கே ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் ஜன்னலைக் கழற்றி, பீடிங்கை உருவி, தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். லாரிச் சத்தம் பழையபடி சமையலறைக்குள் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி போனில் பேசுவதும் கேட்டது. அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் முள்ளங்கி போடவில்லை.

மரநிழலில் வைத்தவற்றில் ஒன்றிரண்டு பிழைத்தன. பச்சையும் திரும்பியது. பூத்தும் காய்த்தும்விட்டன. ஆனால் காயை உடைத்தபோது உள்ளே தவிடு மாதிரி சுருங்கிப்போன விதைகள்தான் இருந்தன. ஈரக் காகிதத்தில் வைத்துக் காத்திருந்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. இதை மச்சினன்தான், கட்டடக் காவலாளி வழியாகக் கேட்டுவந்து சொன்னான். சொல்லிவிட்டு வழக்கம்போல ஏதாவது ஜோக் சேர்க்கப் பார்த்தான். வரவில்லை.

பீடிங்கை மாற்றிக் கொடுக்கவேண்டியது பசைக்காரரின் பொறுப்பு. வேறு ஆளை அனுப்பலாம் என்றார்கள். தானே வருவதாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு கண்ணாடியாக இறக்கி, சாம்பல் பட்டையை உரித்து, சட்டத்தைத் துடைத்து, வழக்கமான கறுப்பு ரப்பரை வைத்து அழுத்தினார். உரித்த பட்டை தரையில் குவியலாகக் கிடந்தது. அதில் ஒரு முழம் எடுத்து முகத்தருகே கொண்டுபோய், மச்சினன் பார்க்கப் பார்க்க, ஆழமாக இழுத்தார். இந்தத் தடவையும் ஒன்றும் வரவில்லை.

விதையம்மா அங்கே இல்லை. ஓய்வுக்கு மிச்சம் இருந்த காலத்தை விடுப்பாக எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்க அவருக்கு ஆயுசு போதாது, வேறு யாரும் கடுகைக் கேட்டு வரவும் இல்லை. வளர்ப்பறைக்கு அடுத்து யார் வருவார்கள், என்ன வளர்ப்பார்கள் என்று இன்னும் முடிவாகவில்லை. கூரைமேல் தகடுகள் மட்டும் வெயிலை வாங்கிக்கொண்டிருந்தன. மழைத் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. நுழைவாயிலில், காற்றுப் புகாத கட்டடம் என்று பாராட்டிக் கொடுத்த தகடு பளபளவென்று தொங்கியது.

வேலை முடிந்ததும் பழையபடி வாசலில் விசிறியை வைத்தார்கள். இந்த முறை அதிகாரிகள் யாரும் வரவில்லை. இன்ஜினியரே புகைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். தெற்கு மூலையில், கீழ்ச் சட்டத்தருகே, புகை லேசாக வளைந்து உள்பக்கம் சாய்ந்தது.

"அண்ணே, இங்க கொஞ்சம் உறிஞ்சுது பாருங்க. ஒரு அழுத்து அழுத்தினாப் போதும்."

பசைக்காரர் பார்த்தார். மச்சினன் பைக்குள் கைவிட்டு, பசைத் துப்பாக்கியை எடுத்து நீட்டினான். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. புறங்கையை நாக்கால் நனைத்து அந்த மூலைக்குக் கொண்டுபோனார். குளிர்ந்தது. கையை அங்கேயே வைத்திருந்தார். அறைக்குள் கழுவிக் கவிழ்த்த தட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன.

"அண்ணே?" என்றார் இன்ஜினியர்.

"உள்ள என்ன சார் இருக்கு, அடைச்சு வைக்க?" என்று கேட்டுவிட்டு, கை காயும்வரை அவர் அங்கேயே குந்தியிருந்தார்.